விமானக் கம்பெனிகளின் இரண்டெழுத்து மார்க்கா



நம்மில் மூட்டை இறக்காதவர் யாரும் இல்லை. லாரி வந்து நின்றதும் நாம் முதலில் பார்ப்பது மூட்டையின் மேல் மையால் எழுதியிருக்கும் மார்க்காவைத்தான். கடையின் முழுப் பெயர், தெரு, ஊர் எல்லாம் அதில் இருக்காது. இரண்டு எழுத்து, ஒரு வட்டம், அதன் கீழ் ஒரு எண், அவ்வளவுதான். அதைக் கண்டதும் கூலியாள் இது இன்னார் சரக்கு என்று சரியாக அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் அடுக்கிவிடுவார். மார்க்கா மாறினால் சரக்கு மாறும், சரக்கு மாறினால் கணக்கு மாறும். ஆகாயத்தில் பறக்கும் விமானத்திற்கும் இதே கதைதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2018ஆம் ஆண்டு வாக்கில் எனக்குத் தெரிந்த சில்லறை வியாபாரி ஒருவர் பதற்றத்துடன் என் கடைக்கு வந்தார். கையில் அவர் பேரனின் விமான டிக்கெட். "அண்ணாச்சி, பையன் வேலைக்கு இன்டர்வியூ, டெல்லிக்குப் போகிறேன் என்றான். டிக்கெட்டில் யு.கே. என்று போட்டிருக்கிறதே! லண்டனுக்கா போகிறான்?" என்றார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். யு.கே. என்ற எழுத்தும் அதை அடுத்து ஓர் எண்ணும் இருந்தன. அது இங்கிலாந்து அல்ல, விஸ்தாரா என்ற விமானக் கம்பெனியின் குறியீடு என்று நான் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்து காப்பி குடித்தார். நாம் எல்லோருமே இன்று பிள்ளைகளை விமானம் ஏற்றி அனுப்புகிறோம், சிலர் சரக்கும் அனுப்புகிறோம். ஆகவே இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

குறியீடு கொடுப்பவர் யார்?

உலக விமானக் கம்பெனிகளுக்கு நம்முடையதைப் போலவே ஒரு சங்கம் உண்டு. அதற்கு ஐயாட்டா என்று பெயர். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் என்று பொருள் கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், கியூபா நாட்டு ஹவானா நகரில் அது தொடங்கப்பட்டது. தலைமையிடம் கனடாவின் மான்ட்ரியல். விமானக் கம்பெனிக்கு இரண்டெழுத்துக் குறியீட்டை ஒதுக்கிக் கொடுப்பது இந்தச் சங்கம்தான். புதுக் கம்பெனி தனக்கு வேண்டிய எழுத்தைக் கேட்கலாம். காலியாக இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சங்கத்தில் உறுப்பினராக இல்லாத கம்பெனியும் குறியீடு பெறலாம்.

எதற்காக இந்த ஏற்பாடு? ஒரு பயணி சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு கம்பெனி விமானத்திலும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு கம்பெனி விமானத்திலும் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் ஒன்றுதான். பணத்தை ஒருவர் வாங்கிவிட்டார், பாதித் தூரம் சுமந்தவர் இன்னொருவர். அவருடைய பங்கு அவருக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா? இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பதற்கென்றே அந்தச் சங்கம் 1947இல் ஒரு கணக்குத் தீர்வகம் ஏற்படுத்தியது. அவர் பற்று, இவர் வரவு எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் செலுத்தும் முறை. நம் மண்டிக் கணக்கிற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் வேண்டும், பக்கத்திற்குத் தலைப்பு வேண்டும். இரண்டெழுத்தை அந்தத் தலைப்பு என்றே கொள்ளலாம். யார் பெயரில் விற்றது, யார் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அது காட்டுகிறது.

எத்தனை மார்க்கா கிடைக்கும்?

ஆங்கில எழுத்து 26. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 26 பெருக்கல் 26, ஆக 676. ஆரம்ப காலத்தில் இது தாராளம். விமானக் கம்பெனிகள் பெருகப் பெருக எழுத்துகள் போதவில்லை. அதனால் எழுத்துடன் எண்ணையும் சேர்த்தார்கள். எண் முன்னால் வரலாம், பின்னாலும் வரலாம். இந்த வகையில் இன்னும் 520. இரண்டும் சேர்ந்து 1,196. இதிலும் சிலவற்றை யாருக்கும் கொடுக்காமல் பொதுக் காரியங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஓர் எழுத்தைச் சேர்க்க விதியில் இடம் உண்டு என்றாலும் அது நடைமுறைக்கு வரவில்லை.

நம் நாட்டுக் குறியீடுகளில் எண் வருவது இதனால்தான். இண்டிகோ 2006இல் பறக்கத் தொடங்கியபோது பெற்றது 6 இ. 1993 முதல் 2019 வரை பறந்த ஜெட் ஏர்வேஸ் 9 டபிள்யூ. மதுரைத் தொழில் குடும்பம் ஒன்று 2005இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்திய பாரமவுண்ட் ஏர்வேஸ் ஐ 7.

இடப் பற்றாக்குறைக்கு இன்னும் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரே குறியீட்டை இரண்டு சிறு கம்பெனிகளுக்குக் கொடுப்பது. ஆனால் இருவரும் ஒரே வட்டாரத்தில் பறக்கக் கூடாது. காஞ்சிபுரத்தில் ஒரு முருகன் ஸ்டோர், நாகர்கோவிலில் ஒரு முருகன் ஸ்டோர் இருந்தால் தபால்காரர் குழம்ப மாட்டார் அல்லவா, அதுபோல.

மற்றொன்று, மூடிய கடையின் குறியீட்டைப் புதுக் கடைக்குக் கொடுப்பது. இதற்கு ஐ.டி. என்ற எழுத்தே நல்ல சாட்சி. முதலில் அது ஏர் இன்டர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் இருந்தது. அந்தக் கம்பெனி போன பிறகு 2005இல் வந்த நம் நாட்டு கிங்ஃபிஷருக்குக் கிடைத்தது. 2012இல் கிங்ஃபிஷர் நின்றுபோயிற்று. 2014இல் தைவான் நாட்டில் தொடங்கிய டைகர்ஏர் தைவான் இன்று அதே ஐ.டி. குறியீட்டில் பறக்கிறது. ஒரே கடை இடத்தில் மூன்று குடித்தனம்! முந்தியவர் வைத்த கடனுக்குப் பிந்தியவர் பொறுப்பல்ல. எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்யக் கூடாது என்பதும் இதில் உள்ள பாடம்.

எழுத்துக்கு அர்த்தம் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ., ஏர் பிரான்சுக்கு ஏ.எஃப்., பிரிட்டிஷ் ஏர்வேசுக்கு பி.ஏ. இவை பெயரின் முதல் எழுத்துகள், விளக்கம் தேவையில்லை. முந்தி வந்தவர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. ஏர் இந்தியாவின் மூலமோ மிகப் பழையது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953இல் அரசுடைமை ஆனது, 2022 ஜனவரியில் மறுபடி டாட்டாவிடம் போனது. உடைமையாளர் மாறினாலும் மார்க்கா அதேதான்.

சில குறியீடுகள் பழைய பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கும். ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் கம்பெனிக்கு எஸ்.யு. சோவியத் யூனியனின் முதலெழுத்துகள் அவை. அந்த நாடு 1991இல் இல்லாமல் போயிற்று, எழுத்து மட்டும் இன்றும் பறக்கிறது. இலங்கையில் 1979இல் ஏர் லங்கா தொடங்கியபோது பெற்ற யு.எல்., அந்தக் கம்பெனி ஸ்ரீலங்கன் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் மாறவில்லை.

இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரம் ரயில் நிலையத்தின் குறி சி.ஜே. வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊரைக் கஞ்சீவரம் என்று எழுதியதன் மிச்சம் அது. சென்னை விமான நிலையத்திற்கு எம்.ஏ.ஏ. என்பதும் மெட்ராசிலிருந்து வந்ததே. 1996இல் சென்னை என்று பெயர் மாறியும் அந்த மூன்றெழுத்து மாறவில்லை. ஒன்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பயணச் சீட்டில் இரண்டெழுத்து வந்தால் கம்பெனி, மூன்றெழுத்து வந்தால் விமான நிலையம். விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ள ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் கம்பெனிகளுக்கும் மூன்றெழுத்துக் குறி கொடுத்திருக்கிறது. ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ.சி., இண்டிகோவுக்கு ஐ.ஜி.ஓ. ஆனால் அது டிக்கெட் வாங்குபவர் கண்ணில் அதிகம் படாது.

பாகப்பிரிவினையும் மார்க்காவும்

அண்ணன் தம்பி பிரியும்போது கடைப் பெயர் யாருக்கு என்ற சண்டை வராத ஊர் உண்டா? ஆகாயத்திலும் அது நடந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் தனி நாடுகளான பிறகும் மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற கூட்டு விமானக் கம்பெனி சில ஆண்டுகள் ஓடியது. எம்.எஸ்.ஏ. என்பது அதன் சுருக்கம். 1972இல் பாகம் பிரிந்தது. நல்ல பெயர் எடுத்த அந்த எம்.எஸ்.ஏ. எழுத்தை விட மனமில்லாமல் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் பங்குக்கு மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று பெயர் பதிந்தார்கள். மலேசியத் தரப்பு ஆட்சேபித்தது. கடைசியில் அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆயிற்று, குறியீடு எஸ்.கியூ. மலேசியத் தரப்புக்கு எம்.எச். பழைய எழுத்து இல்லாமலேயே எஸ்.கியூ. உலகப் புகழ் பெற்றதை நாம் அறிவோம். பெயர் கைவிட்டுப் போனாலும் நாணயம் கையில் இருந்தால் புதுப் பெயரையும் நிலைநாட்டலாம்.

கடைகள் ஒன்று சேரும்போது வேறு சங்கடம். 1953இல் தொடங்கிய இந்தியன் ஏர்லைன்சின் குறியீடு ஐ.சி. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானத்தை நாடு மறக்கவில்லை. ஏர் இந்தியாவுடன் இணைந்த பின் 2011இல் அந்த ஐ.சி. எழுத்து ஓய்வு பெற்றது. நான் முன்னால் சொன்ன விஸ்தாராவும் 2024 நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவுடன் சேர்ந்துவிட்டது. யு.கே. 955 என்றிருந்த விமானம் ஏ.ஐ. 2955 ஆனது. அதாவது பழைய எண்ணின் முன் ஒரு 2 சேர்த்தார்கள். பாக்கிப் பட்டியலைப் புதுப் பேரேட்டுக்கு மாற்றும் கணக்குப்பிள்ளை, பழைய பக்க எண்ணையும் ஓரத்தில் குறித்து வைப்பதைப் போன்ற கெட்டிக்காரத்தனம் இது.

சில எண்களைத் துக்கத்தின் காரணமாகவே விட்டுவிடுகிறார்கள். 2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் மறைந்துபோன மலேசிய விமானத்தின் எம்.எச். 370 என்ற எண்ணை அந்தக் கம்பெனி பிறகு பயன்படுத்தவில்லை. 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் விழுந்த ஏ.ஐ. 171க்கும் அப்படியே.

இரண்டெழுத்துக்கு வந்த வழக்கு

6 இ என்பதற்குப் பெயரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் உச்சரித்தால் 'செக்ஸி' என்பதுபோல ஒலிக்கும் அந்தக் குறியீட்டையே இண்டிகோ தன் விளம்பரமாக்கிக்கொண்டது. 2024 கடைசியில் மகிந்திரா கம்பெனி தன் புது மின்சாரக் காருக்கு பி.இ. 6இ என்று பெயர் வைத்தது. இண்டிகோ உடனே டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒன்று ஆகாயத்தில் பறப்பது, மற்றொன்று தரையில் ஓடுவது, இதில் என்ன போட்டி என்று நமக்குத் தோன்றும். என்றாலும் டிசம்பரிலேயே மகிந்திரா தன் காரின் பெயரை பி.இ. 6 என்று சுருக்கிக்கொண்டது. இருபது வருடத்திற்குள் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் கோர்ட் வரை போகும் சொத்தாகிவிட்டன. நம்மில் எத்தனை பேர் கடை மார்க்காவை முறைப்படி பதிவு செய்து வைத்திருக்கிறோம்?

ஒரு எண்ணால் நான் பட்ட பாடு

இனி சரக்குப் பக்கம் வருவோம். டிக்கெட்டில் இரண்டெழுத்து இருப்பதுபோல, சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் மூன்று இலக்க எண் முன்னால் வரும். ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603, மலேசியாவுக்கு 232, எமிரேட்சுக்கு 176, இண்டிகோவுக்கு 312. இதே மூன்று எண்தான் 13 இலக்க விமான டிக்கெட் எண்ணின் தொடக்கத்திலும் இருக்கும். ஏர்வே பில்லில் அதன்பின் எட்டு இலக்கம் வரும்.

1997இல் சிங்கப்பூரில் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். கூறைப் புடவை நம் ஊர்த் தறியில் நெய்தது. காந்தி ரோட்டில் வாங்கி, அப்பளம் வடகத்தோடு பெட்டி கட்டி விமானச் சரக்கில் அனுப்பிவிட்டேன். ஏர்வே பில் எண்ணை எழுதி என் அக்காள் மகனுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை போன் வருகிறது: "மாமா, இந்த நம்பரில் சரக்கே இல்லை என்கிறார்களே!" எனக்குக் கை கால் ஓடவில்லை. யார் யாரையோ திட்டினேன். ரசீதை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் ஓடினேன். அங்கே கவுண்டரில் இருந்த பெரியவர் என் ஃபேக்ஸ் நகலை வாங்கி, ஒரு பென்சிலை எடுத்து ஏழால் வகுத்தார். "ஐயா, இந்த எண்ணே தப்பு. சரக்கு பத்திரமாக இருக்கும், உங்கள் கையெழுத்தில்தான் கோளாறு" என்றார். நான் கொக்கி வைத்து எழுதிய 1, அங்கே 7 ஆகப் படிக்கப்பட்டிருந்தது! வியாழன் மாலை பெட்டி கைக்கு வந்தது. தவறு முழுக்க என்னுடையது.

அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான். எட்டு இலக்கத்தில் முதல் ஏழைத் தனியாக எடுத்து 7ஆல் வகுக்க வேண்டும். வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். உதாரணத்திற்கு நானாக எழுதும் ஓர் எண்: 098-45273163. இதில் 4527316ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 646759, மீதி 3. கடைசி இலக்கமும் 3. எண் சரி. இதில் 1ஐ 7 என்று தவறாகப் படித்தால் 4527376 ஆகும். அதை வகுத்தால் மீதி 0, கடைசி இலக்கமோ 3. எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். 7ஆல் வகுத்த மீதி என்பதால் கடைசி இலக்கம் 7, 8, 9 ஆக வரவே வராது. ஒரு குறை உண்டு. 0க்கு 7, 1க்கு 8, 2க்கு 9 என்று ஏழு வித்தியாசத்தில் மாறினால் இந்தக் கணக்கு கண்டுபிடிக்காது. மற்றபடி ஒற்றை இலக்கப் பிழை இதற்குத் தப்பாது.

நமக்கு இது புதிதும் அல்ல. நம் ஜி.எஸ்.டி. எண்ணின் 15ஆவது எழுத்தும், பாக்கெட் சாமான்களின் பார்கோடில் 13ஆவது இலக்கமும் இதே வேலைக்காக வைத்தவைதான்.

கவனிக்க வேண்டியவை

1. டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் குறியீடு இருந்தும் ஓட்டுபவர் வேறொருவராக இருக்கலாம். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் இப்படி ஒருவர் விமானத்தில் மற்றவர் குறியீட்டில் இடம் விற்கிறார்கள். இயக்குபவர் யார் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் படித்து, அவருடைய கவுண்டருக்கே போக வேண்டும். மூட்டை முடிச்சுக்கு எந்தக் கம்பெனி விதி என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

2. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். டிக்கெட் எந்தக் கம்பெனியின் பெயரில் எழுதப்பட்டது என்பது அதில் தெரியும்.

3. சரக்கு எண்ணைக் கையால் எழுதி அனுப்பாமல் ரசீதையே படம் எடுத்து அனுப்புங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

4. பழைய நோட்டில் எழுதி வைத்த குறியீட்டை நம்ப வேண்டாம். கம்பெனிகள் சேர்கின்றன, மூடுகின்றன, எழுத்து கை மாறுகிறது.

நண்பர்களே, நம் ஊர்ப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல தலைமுறை நெசவாளர்களின் உழைப்பு அந்தக் குறியீட்டின் பின்னால் நிற்கிறது. இரண்டெழுத்தோ, மூன்று எண்ணோ, மூட்டை மேல் போட்ட வட்டமோ, எதுவானாலும் மார்க்கா என்பது 'இதற்கு நான் பொறுப்பு' என்று நாம் கொடுக்கும் வாக்கு. அதைச் சரியாக எழுதுவோம், சரியாகப் படிப்போம், பிறர் கைக்குப் போகாமல் காப்போம்.